உரிமம் மாறிய வரைபடம்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 – ஒரு நிகழ்வு ஆய்வு

2012 ஜூலையில், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுத்தளத்துக்குள் ஒரு பாட் (தானாக ஓடும் நிரல்) இறக்கிவிடப்பட்டது. அதற்குக் கொடுத்த வேலை நீக்குவது மட்டும். யாரோ ஜிபிஎஸ் கருவியைக் கையில் பிடித்துத் தெருத்தெருவாக நடந்து பதிந்த சாலைகள், பார்த்துப் பார்த்துத் திருத்திய பெயர்கள், ஒருவழிப்பாதைக் குறிகள் என்று, புதிய உரிமத்துக்குச் சம்மதம் தராதவர்களிடமிருந்து எதெல்லாம் வந்ததோ அதெல்லாம் போனது. சாலை தரையில் அப்படியே கிடந்தது. பதிவும் சரியாகவே இருந்தது. அதைப் புதிய உரிமத்தில் வெளியிடுவதற்கான சம்மதம் மட்டும் கோப்பில் இல்லை.

பலர் சேர்ந்து கட்டும் திறந்த தரவுத்தளத்தை நடத்துகிறவர்கள் இந்த நிகழ்வை ஒருமுறையாவது பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. தளத்தின் அடியில் ஒரு உரிமப் பெயரைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். உண்மையில் உரிமம் ஒவ்வொரு திருத்தத்தோடும் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு விவரம்: யார் போட்டார், எங்கிருந்து எடுத்தார், நமக்கு என்ன அனுமதி தந்தார். இந்த மூன்றையும் முதல் நாளிலிருந்து பதியாவிட்டால் பின்னால் எவ்வளவு செலவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேறு இல்லை.

கையில் கிடைத்த உரிமம்

2004-இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம் இது. 2006-இல் அதற்கென்று ஓர் அறக்கட்டளை பதிவானது. தொடக்க ஆண்டுகளில் தரவு வெளியானது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ்: பெயர் சுட்ட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்று சொல்லும் சிசி-பிஒய்-எஸ்ஏ 2.0. கட்டுரை, ஒளிப்படம், இசை மாதிரியான ஆக்கங்களை மனதில் வைத்து எழுதிய உரிமம் அது. அதைத் தூக்கிச் சாலைகளின் ஆயத்தொலைவுகளுக்கு மாட்டியதில் மூன்று ஓட்டைகள் விழுந்தன.

முதலாவது, பிடிமானம். சிசி 2.0 ஒரு பதிப்புரிமை உரிமம். பதிப்புரிமை எங்கே இல்லையோ அங்கே அதன் நிபந்தனைகள் யாரையும் கட்டாது. ஒரு தெரு எங்கே வளைகிறது, அதன் பெயர் என்ன என்பது தகவல். தகவலுக்குப் பல நாடுகளில் பதிப்புரிமை கிடையாது.

இரண்டாவது, பெயர் சுட்டல். அந்த உரிமத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால் ஆக்கியவரைக் குறிப்பிட வேண்டும். ஒரு நகரத்தின் வரைபடத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் கை இருக்கும். அத்தனை பேரையும் வரைபடத்தின் ஓரத்தில் அச்சிடுவது நடக்காத காரியம். நடைமுறையில் எல்லோரும் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று போட்டுச் சமாளித்தார்கள். உரிமம் அதை அனுமதித்ததா என்பது வேறு கதை.

மூன்றாவதுதான் உண்மையில் வலித்தது. பகிர்வு நிபந்தனை தவறான பொருளின் மேல் விழுந்தது. ஒரு நிறுவனம் தரவை எடுத்து, அதில் ஆயிரம் பிழைகளைத் திருத்தி, திருத்திய தரவிலிருந்து ஒரு படம் வரைந்து வெளியிட்டால், அது பகிர வேண்டியது அந்தப் படத்தை. திருத்திய தரவை வெளியே விடாமலே வைத்துக்கொள்ளலாம். திட்டத்துக்கு வேண்டியதோ அந்தத் திருத்தங்கள். படம் யாருக்கு வேண்டும்?

தகவலுக்குச் சொந்தக்காரர் உண்டா

இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஒரு பதில் இருப்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

அமெரிக்காவில் 1991-இல் உச்ச நீதிமன்றம் ஃபைஸ்ட் எதிர் ரூரல் வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது. ரூரல் என்ற தொலைபேசி நிறுவனத்தின் சந்தாதாரர் பட்டியலில் சுமார் 7,700 பெயர்கள். ஃபைஸ்ட் 11 தொலைபேசிப் பகுதிகளைச் சேர்த்து 46,878 பெயர்களோடு ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டது. அதில் 1,309 பதிவுகள் ரூரலின் பதிவுகளோடு அச்சு அசலாக ஒத்துப்போயின. அவற்றில் 4, நகலெடுப்பவர்களைப் பிடிப்பதற்காக ரூரல் வேண்டுமென்றே நுழைத்திருந்த பொய்ப் பெயர்கள். கையும் களவுமாகப் பிடித்தும் ரூரல் தோற்றது. பெயர்களை அகர வரிசையில் அடுக்குவதில் சொந்தக் கற்பனை ஏதும் இல்லை, உழைப்பு மட்டும் பதிப்புரிமை தராது என்பது தீர்ப்பு. தேர்விலும் அடுக்குமுறையிலும் கொஞ்சமாவது ஆக்கத்திறன் இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் காப்பு.

ஐரோப்பா நேரெதிர்த் திசையில் போனது. 1996-ஆம் ஆண்டின் தரவுத்தள ஆணை 96/9, பதிப்புரிமைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு தரவுத்தள உரிமையை உண்டாக்கியது. தரவைத் திரட்டவோ சரிபார்க்கவோ காட்சிப்படுத்தவோ கணிசமான முதலீடு செய்தவருக்கு 15 ஆண்டுக் காப்பு. முழுவதையோ கணிசமான பகுதியையோ எடுத்தால் மீறல். சிறு சிறு பகுதிகளாக, ஆனால் திரும்பத் திரும்ப முறையாக எடுத்தாலும் மீறல்தான். கூட்டுத் தரவுத்தளம் நடத்துகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது இந்தக் கடைசி வாக்கியம். ஒரு பங்களிப்பாளர் வணிக வரைபடத்தைப் பார்த்து ஒரே ஒரு கடையின் இடத்தைப் பதிந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆயிரம் பேர் ஆளுக்குப் பத்து பதிந்தால், பதிந்தவர்கள் ஆயிரம் பேர், ஆனால் பத்தாயிரமும் வந்து சேர்ந்திருப்பது ஒரே தரவுத்தளத்தில்.

இந்த உரிமைக்கும் எல்லை உண்டு. 2004-இல் பிரிட்டிஷ் குதிரைப் பந்தய வாரியம் எதிர் வில்லியம் ஹில் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: ஏற்கெனவே இருக்கும் தரவைத் தேடித் திரட்டச் செய்த செலவு கணக்கில் வரும், தரவையே உண்டாக்கச் செய்த செலவு வராது. பந்தயத்தில் எந்தக் குதிரை ஓடும் என்று முடிவுசெய்கிற வாரியம் அந்தப் பட்டியலைத் ‘திரட்டவில்லை’, உண்டாக்கியது. வரைபடத்துக்கு வந்தால், 2015-இல் பவேரிய மாநிலம் எதிர் எஸ்டர்பவர் வழக்கில், நில அமைப்பைக் காட்டும் வரைபடத்திலிருந்து பிரித்தெடுத்த புவியியல் விவரங்கள் தனித்து நிற்கும் மதிப்புள்ளவை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது காகித வரைபடமும் ஒரு தரவுத்தளமாக எண்ணப்படலாம். ‘இது வெறும் படம்தானே, அதில் தரவு எங்கே’ என்று சொல்லித் தப்ப முடியாது.

அதே ஆண்டு வந்த ரயன்ஏர் எதிர் பிஆர் ஏவியேஷன் தீர்ப்பைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு தரவுத்தளத்துக்குப் பதிப்புரிமையும் இல்லை, தரவுத்தள உரிமையும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே தோன்றும்? இல்லை. தளத்தின் பயன்பாட்டு விதிகளில் ‘தரவைச் சுரண்டி எடுக்காதே’ என்று எழுதியிருந்து, நீங்கள் அதை ஏற்று உள்ளே போயிருந்தால், அந்த ஒப்பந்தம் உங்களைக் கட்டும். காப்புள்ள தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோருக்கு ஆணை தருகிற விலக்குகள்கூட இங்கே கிடைக்காது. எனவே ‘தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை’ என்ற ஒரே வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வெளித்தரவை மொத்தமாக உள்ளே ஏற்றும் இறக்குமதியைத் தொடங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

ஓடிபிஎல்: மூன்று பிடிகள்

இந்த ஓட்டைகளை அடைக்க எழுதியதுதான் திறந்த தரவுத்தள உரிமம், சுருக்கமாக ஓடிபிஎல். அதன் 1.0 பதிப்பு 2009-இல் ஓப்பன் டேட்டா காமன்ஸ் வழியாக வந்தது. பதிப்புரிமை, தரவுத்தள உரிமை, ஒப்பந்தம் மூன்றையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கிறது அது. ஒரு நாட்டில் ஒரு பிடி நழுவினால் இன்னொன்று தாங்கும் என்பது கணக்கு.

ஓடிபிஎல் தரவுத்தளத்தை மட்டுமே காக்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் காப்பதில்லை. அதற்காகத்தான் உள்ளடக்கத்துக்கென்று டிபிசிஎல் என்ற துணை உரிமம். ஓப்பன் ஃபுட் ஃபாக்ட்ஸ் என்ற உணவுப் பொருள் தரவுத்தளம் இதை இன்னும் ஒரு படி விரித்து வைத்திருக்கிறது: தரவுத்தளம் ஓடிபிஎல், பதிவுகள் டிபிசிஎல், பொட்டலங்களின் ஒளிப்படங்கள் சிசி-பிஒய்-எஸ்ஏ. படமும் தரவும் கலந்த தொகுப்புக்கு இப்படி அடுக்கு அடுக்காகப் பிரிப்பதே ஒழுங்கு. எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் போட்டால் ஏதாவது ஒன்றுக்கு அது பொருந்தாமல் போகும்.

உரிமத்தைவிடப் பெரிய மாற்றம்: பங்களிப்பாளர் ஒப்பந்தம்

ஓடிபிஎல் பற்றித்தான் அன்று ஊரெல்லாம் சண்டை. ஆனால் நீண்ட நாள் பயன் தந்தது அதோடு சேர்ந்து வந்த பங்களிப்பாளர் விதிகள்தான் என்பது எங்கள் மதிப்பீடு. பழைய ஏற்பாட்டில் ஒவ்வொருவரும் தன் பங்களிப்பைச் சிசி உரிமத்தில் உலகத்துக்குக் கொடுத்தார். அறக்கட்டளைக்கென்று தனியாக எதுவும் கொடுக்கவில்லை. அதனால் உரிமத்தை மாற்ற அறக்கட்டளைக்கு அதிகாரமே இல்லை. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாக வேண்டும்.

புதிய விதிகளில் பங்களிப்பாளர் தன் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வெளியிடும் உரிமத்தை அறக்கட்டளைக்குக் கொடுக்கிறார். பதிலுக்கு அறக்கட்டளையின் கையும் கட்டப்பட்டிருக்கிறது. ஓடிபிஎல்லும் டிபிசிஎல்லும், அல்லது சிசி-பிஒய்-எஸ்ஏ 2.0, அல்லது வேறொரு சுதந்திரமான திறந்த உரிமம் என இவற்றில்தான் வெளியிடலாம். வேறொன்றுக்கு மாற வேண்டுமென்றால் அறக்கட்டளை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகு செயல்படும் பங்களிப்பாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புதல் தர வேண்டும். ‘செயல்படும்’ என்பதற்கும் வரையறை எழுதியிருக்கிறார்கள்: கடந்த 12 மாதங்களில் ஏதாவது 3 மாதங்களிலாவது திருத்தம் செய்திருக்க வேண்டும், மின்னஞ்சல் முகவரி வேலை செய்ய வேண்டும், கேட்டால் 3 வாரத்துக்குள் பதில் தர வேண்டும். சலிப்பூட்டும் சரத்துதான். ஆனால் இறந்துபோனவர்கள், விலகிப்போனவர்கள், கடவுச்சொல் மறந்தவர்கள் எல்லோரும் எதிர்கால முடிவுகளைப் பூட்டிவைக்காமல் காப்பது இது ஒன்றுதான்.

2009 டிசம்பரில் அறக்கட்டளை உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். 2010 மே முதல் புதிதாகச் சேர்பவர்கள் புதிய விதிகளை ஏற்றுத்தான் உள்ளே வர முடிந்தது. பழையவர்களிடம் முதலில் விருப்பம் கேட்டார்கள். 2011-இல் ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் திருத்தம் செய்ய முடியாத நிலை வந்தது. பிறகு மறுத்தவர்களின் கணக்குகள் திருத்த முடியாமல் நிறுத்தப்பட்டன. பதிலே சொல்லாதவர்கள் மறுத்தவர்களாகவே எண்ணப்பட்டார்கள். சட்டப்படி வேறு வழியில்லை, மௌனம் சம்மதமாகாது. தரவை வெட்டி எடுத்தபின், 2012 செப்டம்பர் 12 அன்று ஓடிபிஎல்லின் கீழ் முதல் முழுத் தொகுப்பு வெளியானது.

அறக்கட்டளைக்கு இவ்வளவு அதிகாரம் தரக் கூடாது என்று எதிர்த்தவர்கள் பழைய உரிமத்திலேயே ஃபோஸ்ம் என்ற கிளையைத் தொடங்கினார்கள். அவர்களுடைய அச்சத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த இசைவட்டுத் தரவுத்தளமான சிடிடிபி, நிறுவனம் கைமாறியபின் வணிக உரிமத்துக்குள் போய் மூடிக்கொண்டதைப் பார்த்த தலைமுறை அது. திறந்த இசைத் தரவுத்தளங்களான ஃப்ரீடிபியும் மியூசிக்பிரெய்ன்ஸும் பிறந்தது அந்தக் கசப்பிலிருந்துதான். அதிகாரத்தைக் கொடு, ஆனால் ‘சுதந்திரமான திறந்த உரிமம் மட்டும்’ என்று வேலி போட்டுக் கொடு என்பதுதான் இரண்டு அச்சங்களுக்கும் நடுவில் கிடைத்த வழி.

ஒரு தெருவை எடுத்துப் பார்ப்போம்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எல்லாம் புள்ளி, வழி, உறவு என்ற மூன்று வகைப் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண் உண்டு. யார், எப்போது மாற்றினார் என்பது வரலாற்றில் நிற்கும். பாட் எப்படி முடிவெடுத்தது என்று புரிந்துகொள்ள ஒரு கற்பனைத் தெரு போதும்.

1-ஆம் பதிப்பு: ஒருவர் 4 புள்ளிகளை வைத்துத் தெருவை வரைந்து, குடியிருப்புச் சாலை என்று டேக் (விவரக் குறி) போடுகிறார். அவர் புதிய விதிகளை ஏற்றவர். 2-ஆம் பதிப்பு: இரண்டாமவர் வளைவில் 2 புள்ளிகளைச் செருகி, தெருவின் பெயரைச் சேர்க்கிறார். பெயரின் கடைசிச் சொல்லைச் சுருக்கமாக எழுதுகிறார். இவர் மறுத்தவர். 3-ஆம் பதிப்பு: மூன்றாமவர் அந்தச் சுருக்கத்தை விரித்து எழுதுகிறார். ஏற்றவர். 4-ஆம் பதிப்பு: நான்காமவர் ஒருவழி என்றும் வேக வரம்பு என்ன என்றும் சேர்க்கிறார். ஏற்றவர்.

இப்போது எது மிஞ்சும்? சாலை வகை நிற்கும். ஒருவழியும் வேக வரம்பும் நிற்கும். செருகிய 2 புள்ளிகள் போகும், வளைவு நேர்க்கோடாகும். பெயர்தான் சுவாரசியம். மூன்றாமவர் தொட்டிருக்கிறார், அவர் ஏற்றவர், அதனால் பெயர் நிற்கும் என்று தோன்றும். நிற்காது. சுருக்கத்தை விரிப்பது, பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக்குவது, இடைவெளியைச் சரிசெய்வது எல்லாம் அற்பத் திருத்தங்கள். அடியில் இருப்பது இன்னும் இரண்டாமவரின் தகவல்தான். மூன்றாமவர் பெயர்ப்பலகையைப் பார்த்து முற்றிலும் வேறொரு பெயரை எழுதியிருந்தால் அது தப்பித்திருக்கும். இன்னொரு நுணுக்கம்: மறுத்தவர் ஒரு டேக்கை நீக்கியிருந்தால் அந்த நீக்கம் அப்படியே விடப்பட்டது. நீக்கத்தில் அவருடைய ஆக்கம் எதுவும் மிஞ்சுவதில்லையே.

ஆக, பாட் 5-ஆம் பதிப்பாக 4 புள்ளிகளுள்ள, பெயரில்லாத ஒருவழித் தெருவைப் பதியும். பிறகு 2, 3, 4 பதிப்புகளை மறைக்கும். இந்த இரண்டாம் படியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தற்போதைய நிலையை மட்டும் சரிசெய்தால் பழைய பதிப்புகள் வரலாற்றில் கிடக்கும். வரலாற்றையும் நாம்தான் வெளியிடுகிறோம். எனவே மறைப்பு தரவுத்தளத்திலும் நடக்க வேண்டும், முழு வரலாற்றுத் தொகுப்புக் கோப்புகளிலும் நடக்க வேண்டும். மறைத்தவற்றை மட்டுறுத்துநர்கள் மட்டும் பார்க்கலாம்.

பாதிப்பு எங்கே ஆழமாக விழுந்தது? மறுத்தவர் வைத்த ஒரு புள்ளி சாலைச் சந்திப்பாக இருந்தால், அது போனதும் அங்கே கூடிய சாலைகள் எல்லாம் பிரிந்தன. படத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வழிகாட்டும் மென்பொருளோ சந்திப்பைத் தாண்ட முடியாமல் சுற்றுப்பாதை காட்டும். ஒரு வழிக்குக் குறைந்தது 2 புள்ளிகள் வேண்டும். ஒன்று மட்டும் மிஞ்சினால் வழி முழுவதும் போனது. வழி போனால் அதைக் கோத்து வைத்திருந்த பேருந்துத் தடம், நிர்வாக எல்லை முதலிய உறவுகளில் ஓட்டை. உலகளவில் பார்த்தால் இழப்பு சிறியது. ஆனால் அது சமமாகப் பரவவில்லை. ஆஸ்திரேலியாவிலும் போலந்திலும் கடுமையாக விழுந்தது. நிறையத் திருத்தம் செய்த சிலர் மறுத்தாலும், பெரிய இறக்குமதி ஒன்றின் மூலத் தரவு உரிமத்தோடு பொருந்தாமல் போனாலும், அந்த வட்டாரமே வெறிச்சோடிவிடும்.

நீங்கப்போகும் பொருள்களைச் சம்மதித்தவர்கள் புதிதாகப் பதியும் மீள்பதிவு வேலை, பாட் ஓடும் முன்பே நடந்தது. எந்தப் பொருள்கள் போகப்போகின்றன என்று நிறம் போட்டுக் காட்டும் கருவிகள் வந்தன. நேரில் போய்ச் சரிபார்த்தவர்கள் ‘இது இப்போது சுத்தம்’ என்று ஒரு டேக் போட்டுக் காப்பாற்றலாம். இங்கேதான் நல்ல மனிதர்களும் தவறினார்கள். பழைய வழியை நீக்கிவிட்டு, அதன் மேலேயே கோடு பிடித்துப் புதிதாக வரைவது மீள்பதிவு ஆகாது. அது நகலை இன்னொரு பெயரில் பதிவது. சரியான முறை: பழைய அடுக்கை மறைத்துவிட்டு, வரைய அனுமதியுள்ள வான்படத்திலிருந்து (மைக்ரோசாஃப்டின் பிங் படங்களுக்கு 2010-இன் இறுதியில் அந்த அனுமதி கிடைத்திருந்தது) வரைய வேண்டும், பெயரைப் பலகையைப் பார்த்து எழுத வேண்டும், எங்கிருந்து எடுத்தது என்பதை மூலக் குறிப்பில் பதிய வேண்டும்.

இன்று இறக்குமதி செய்கிறவருக்கு

மேற்கண்ட எதுவும் பழங்கதை இல்லை. இன்று சிக்கல் பெரும்பாலும் இறக்குமதியில் வருகிறது. ஓர் அரசுத் துறை தன் தரவை இணையத்தில் வைத்திருக்கிறது. கீழே ‘திறந்த தரவு’ என்று எழுதியிருக்கிறது. ஒருவர் உற்சாகமாக ஐம்பதாயிரம் கட்டடங்களை ஏற்றிவிடுகிறார்.

முதலில் பார்க்க வேண்டியது உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும். சிசி ஜீரோ, பிடிடிஎல் போன்ற எல்லா உரிமையையும் விட்டுக்கொடுப்பவை எங்கும் போகும். வணிகத்துக்குத் தடை போடுபவையும் மாற்றத்துக்குத் தடை போடுபவையும் எங்கும் போகாது, பேசிப் பயனில்லை. சிசி-பிஒய்-எஸ்ஏ தரவை ஓடிபிஎல் தளத்துக்குள் கொண்டுவர முடியாது, ஏனென்றால் இரண்டுமே ‘என் உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்’ என்கின்றன.

எல்லோரும் தடுமாறுவது சிசி-பிஒய் 4.0-இல். பெயர் சுட்டினால் போதும் என்கிற உரிமம் எப்படிப் பொருந்தாமல் போகும்? இரண்டு இடத்தில் உரசுகிறது. ஒன்று, மூல உரிமையாளரின் பெயரை ஒவ்வொரு வரைபடத்தின் மேலும் போட முடியாது. திட்டத்தின் பங்களிப்பாளர் பக்கத்தில்தான் போட முடியும். அது போதுமா என்று உரிமையாளர்தான் சொல்ல வேண்டும். இரண்டு, நகலெடுக்கவோ மாற்றவோ விடாமல் தடுக்கும் தொழில்நுட்பப் பூட்டு. சிசி 4.0 பூட்டுப் போட்டு விநியோகிப்பதை முழுக்கத் தடுக்கிறது. ஓடிபிஎல்லோ, பூட்டில்லாத நகல் ஒன்றையும் பக்கத்திலேயே கொடுத்தால் பூட்டிய நகலை அனுமதிக்கிறது. அதனால்தான் 2017-இல் அறக்கட்டளை, சிசி-பிஒய் 4.0 தரவுக்கும் உரிமையாளரிடம் தனியாக விலக்குக் கடிதம் வாங்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஒரு மாதிரிப் படிவமும் வெளியிட்டது. சிசியின் பழைய பதிப்புகளில் இன்னொரு குறை: ஐரோப்பியத் தரவுத்தள உரிமையை உலகளாவிய வடிவிலேயே முறையாக உள்ளடக்கியது 2013-இல் வந்த 4.0 பதிப்புதான்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? எந்தத் தரவுத்தொகுப்பு, எந்தத் தேதியிட்ட வடிவம் என்று துல்லியமாக இருக்க வேண்டும். எழுதுகிறவருக்கு அனுமதி தரும் அதிகாரம் உண்டு என்பது தெரிய வேண்டும். துறையின் தொழில்நுட்ப உதவியாளர் ‘தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிய மின்னஞ்சலுக்கு மதிப்பில்லை. ஓடிபிஎல்லின் கீழ் வெளியிடும் தரவுத்தளத்தில் சேர்க்கலாம் என்று உரிமத்தின் பெயரைச் சொல்லி எழுதியிருக்க வேண்டும். ‘உங்கள் தளத்தில் பயன்படுத்தலாம்’ என்ற வாசகம் போதாது. தளத்தில் மட்டும் என்றால் மறுபயன்பாடு செய்பவர்களுக்கு அனுமதி போய்ச் சேராது. பெயர் சுட்டும் இடத்தை ஏற்பதும், பூட்டுச் சரத்தை விட்டுக்கொடுப்பதும் வர வேண்டும். அந்தத் துறையே வேறொருவரிடமிருந்து வாங்கிய பகுதி ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். முகவரிப் பட்டியல்களிலும் அஞ்சல் குறியீடுகளிலும் இது அடிக்கடி தலைதூக்கும்.

கடிதம் வந்தபின் அதை ஒருவரின் அஞ்சல் பெட்டியில் விட்டுவைக்கக் கூடாது. திட்டத்தின் பொதுப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றும் வேலைக்கு அன்றாடக் கணக்கைப் பயன்படுத்தாமல் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு மாற்றத்தொகுப்பிலும் (ஒரே கட்டாக ஏற்றும் திருத்தங்கள்) மூலத்தையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும். நாளை அனுமதி தவறு என்று தெரிந்தால், அந்தக் கணக்கின் திருத்தங்களை மட்டும் ஒரே வீச்சில் திருப்பி எடுக்கலாம். கைவேலையும் இறக்குமதியும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பிரிப்பதற்கு மாதக்கணக்காகும்.

மீறல் தெரியவந்தால் வரிசை முக்கியம்: முதலில் பதிந்தவரிடம் மூலத்தைக் கேட்க வேண்டும், பிறகு மாற்றத்தொகுப்புகளைத் திருப்ப வேண்டும், இடைக்காலத்தில் மற்றவர்கள் அதே பொருள்களின் மேல் செய்த நல்ல திருத்தங்களைக் கையால் காப்பாற்ற வேண்டும், கடைசியில்தான் பழைய பதிப்புகளை மறைக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இதைத் தரவுப் பணிக்குழு செய்கிறது. தற்போதைய பதிப்பை மறைக்க அமைப்பே விடாது, அதனால் திருப்பாமல் மறைக்கவும் முடியாது. எவ்வளவு தாமதிக்கிறோமோ அவ்வளவு அடுக்குகள் மேலே ஏறிக்கொண்டே போகும்.

எடுத்துப் பயன்படுத்துகிறவர் பக்கம்

ஓடிபிஎல் தரவை எடுப்பவர் முதலில் தன்னைக் கேட்க வேண்டியது: நான் வெளியிடுவது தரவுத்தளமா, தரவிலிருந்து செய்த பொருளா? அச்சிட்ட வரைபடம், திரையில் தெரியும் படம் எல்லாம் செய்பொருள். அதை எந்த உரிமத்திலும் வெளியிடலாம். மூலத்தைச் சுட்டினால் போதும். ஆனால் அதற்காகத் தரவைத் திருத்தியிருந்தால், திருத்திய தரவுத்தளத்தையோ, மாற்றங்கள் மட்டும் கொண்ட கோப்பையோ, அந்த மாற்றங்களைச் செய்த முறையையோ கேட்பவருக்குத் தர வேண்டும். 2004-இல் விழுந்த மூன்றாவது ஓட்டை இங்கேதான் அடைபட்டது.

ஒரு செயலி தன் சொந்த உணவகப் பட்டியலை இந்த வரைபடத்தின் மேல் தனி அடுக்காகக் காட்டுகிறது என்றால், அது சேர்ந்து நிற்கும் இரண்டு தரவுத்தளங்கள். சொந்தப் பட்டியலைப் பகிரத் தேவையில்லை. அதே செயலி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் உணவகங்களையும் தன் உணவகங்களையும் ஒப்பிட்டு, இரட்டிப்பை நீக்கி, விடுபட்டதை நிரப்பி ஒரே பட்டியலாக்கினால், அந்த வகைப் பொருள்கள் முழுவதும் வழித்தோன்றல் தரவுத்தளம் ஆகிவிடும். அதைப் பொதுவில் பயன்படுத்தினால் பகிர வேண்டும். அலுவலகத்துக்குள் மட்டும் வைத்திருந்தால் அந்தக் கடமை இல்லை. சிறிய எடுப்புகளுக்கு அறக்கட்டளையின் வழிகாட்டி அளவு கொடுக்கிறது: 100-க்குக் குறைந்த பொருள்கள், அல்லது 1,000 பேர் வரை வாழும் பகுதி என்றால் கணிசமான எடுப்பாகக் கொள்வதில்லை. இது அறக்கட்டளையின் புரிதல்தான், நீதிமன்றத்தைக் கட்டுவதில்லை.

இவ்வளவு தலைவலி எதற்கு, எல்லாவற்றையும் சிசி ஜீரோவில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2012 அக்டோபரில் தொடங்கிய, விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கிடேட்டா அதைத்தான் செய்தது. மியூசிக்பிரெய்ன்ஸ் தன் மையத் தரவைச் சிசி ஜீரோவில் வைத்து, துணைத் தரவை மட்டும் வணிகத்தடை உரிமத்தில் வைத்திருக்கிறது. எடுப்பவருக்கு இது சொர்க்கம். உள்ளே கொண்டுவருபவருக்கோ கதவு குறுகலானது: ஓடிபிஎல்லில் இருக்கும் எதையும் சிசி ஜீரோ தளத்துக்குள் மொத்தமாக ஏற்ற முடியாது. மறுதிசையில் தடையே இருக்காது என்று நினைத்தால் அதுவும் தவறு. விக்கிடேட்டாவின் பல ஆயத்தொலைவுகள் விக்கிப்பீடியா கட்டுரைகளிலிருந்து வந்தவை. அந்தக் கட்டுரைகளில் போட்டவர் எந்த வரைபடத்தைப் பார்த்துப் போட்டார் என்பது பதிவில் இல்லை. மேலே ஒட்டியிருப்பது சிசி ஜீரோ என்றாலும், அடியில் மூலம் தெரியாத தரவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஏற்பதில்லை. ஓவர்சர் மேப்ஸ் என்ற இன்னொரு திறந்த வரைபடத் திட்டம் ஒரே தொகுப்புக்குள் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் ஓடிபிஎல், இடங்களுக்கு சிடிஎல்ஏ என்ற தளர்வான உரிமம் என்று பிரித்து வைத்திருப்பதற்கும் காரணம் மூலம்தான்: சாலையிலும் கட்டடத்திலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு கலந்திருக்கிறது.

2012-க்குப் பிறகு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் உரிமத்தை மாற்றவில்லை. மூன்றில் இரண்டு பங்கு சரத்துக்கு வேலை வரவே இல்லை. வெட்டுப்பட்ட வட்டாரங்களையும் ஆட்கள் திரும்ப வரைந்துவிட்டார்கள். ஆனால் போலந்திலோ ஆஸ்திரேலியாவிலோ 2012-க்கு முந்தைய ஒரு சாலையின் வரலாற்றைத் திறந்தால், 1-ஆம் பதிப்புக்கு அடுத்து 5-ஆம் பதிப்பு வந்து நிற்பதை இன்றும் பார்க்கலாம். இடையில் இருந்தவற்றின் இடத்தில், மறைக்கப்பட்டதால் இந்தப் பதிப்பைக் காட்ட முடியாது என்ற ஒரு வரி மட்டும்.